முகம் சிவக்க எட்டு எளிய வழிகள்

மேலுதட்டில் மெல்லிய நிழல், மோவாயில் நாலு முடி. நோய் இவ்வளவுதான். இதற்கு வைத்தியம் சொல்ல ஆள் தேடி அலைய வேண்டாம். அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குறிப்பு வந்துவிடும். எல்லாக் குறிப்புகளுக்கும் பொதுவாக மூன்று வாக்கியங்கள் உண்டு: இது முழுக்க இயற்கையானது, பக்க விளைவே கிடையாது, ஏழே நாளில் வித்தியாசம் தெரியும். மூன்றாவது வாக்கியம் மட்டும் உண்மை. வித்தியாசம் நிச்சயம் தெரியும். ஏழு நாள்கூட ஆகாது.

முகத்தில் முடி மட்டும் உள்ள பெண்ணை, முடியும் எரிச்சலும் சேர்ந்த பெண்ணாக உயர்த்துவது எப்படி என்று படிப்படியாக விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். வரிசை மாற்றாமல் செய்யவும். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் வந்த எரிச்சலுக்கான மருந்து என்பதால், நடுவில் எங்காவது நிறுத்தினால் தோல் தானாகவே ஆறிவிடும் அபாயம் இருக்கிறது.

தேவையான பொருட்கள்

கஸ்தூரி மஞ்சள் – 1 டீஸ்பூன் (இல்லாவிட்டால் சாம்பாருக்குப் போடும் மஞ்சள்)
கடலை மாவு – பஜ்ஜிக்கு எடுத்தது போக மிச்சம்
எலுமிச்சம்பழம் – 1
ஆப்ப சோடா – 2 சிட்டிகை. கோபம் இருந்தால் 3
குப்பைமேனி இலை – ஒரு கைப்பிடி (காம்பவுண்ட் சுவர் ஓரம் கிடைக்கும்)
படிகாரம் – அப்பாவின் ஷேவிங் டப்பாவிலிருந்து
முகத்தைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி – 1
உறவுக்காரர் – குறைந்தது ஒருவர்

படி 1: யாராவது சொல்லும்வரை காத்திருக்கவும்

தன் முகத்தில் முடி இருப்பதை ஒரு பெண் தானாகப் பெரிதுபடுத்துவது அபூர்வம். அதற்கு ஒரு கல்யாண வீடு வேண்டும். பந்திக்கு உட்காரும் முன், உங்கள் மோவாயைப் பிடித்து முகத்தை ட்யூப்லைட் பக்கம் திருப்பி, "ஏன் கண்ணு, இங்க லேசா கருப்பாத் தெரியுதே, ஒண்ணும் போடறதில்லையா?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். பதில் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் நேராகக் கண்ணாடி முன் போய் நிற்க வேண்டும்.

பெண்களுக்கு ஆண்களைப் போல முடி வளர்வதை அளக்க மருத்துவர்களிடம் ஒரு முறை உண்டு. உடலில் ஒன்பது இடங்களைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். பெரியம்மாவுக்கு ஒரே இடமும் ஒரே பார்வையும் போதும்.

கண்ணாடியில் தெரிவது நேற்று முளைத்ததல்ல. முடியின் வேர்க்கால்கள் நாம் கருவில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. முகத்தில் பூனைமுடி ஆண், பெண் இருவருக்கும் உண்டு. பெண்ணின் உடலிலும் கொஞ்சம் சுரக்கும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் வேர்க்காலைத் தட்டி எழுப்பினால், அதே பூனைமுடி கருத்துத் தடிக்கிறது. குடும்ப வாகு, மாதவிடாய் நிற்கும் வயது, சினைப்பை நீர்க்கட்டி, சில மருந்துகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இந்தத் தகவல்களை இப்போதைக்கு மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பதற்றம் குறைந்துவிடும், பதற்றம் இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

படி 2: விசேஷத்துக்கு முந்தின நாள் மாலை பார்லருக்குப் போகவும்

"ஐப்ரோ மட்டும்" என்று சொல்லித்தான் உட்காருவீர்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரல்களில் முறுக்கியபடி புருவத்தை முடித்த பெண், கொஞ்சம் பின்னால் சாய்ந்து உங்களைப் பார்ப்பார். வாயில் நூல் இருப்பதால் பேச்சு பாதிதான் வெளியே வரும். "அப்பர் லிப்பும் எடுத்துடலாமா மேடம்?" அது கேள்வி அல்ல. நாக்கை உள்ளே கொடுத்து மேலுதட்டைத் தள்ளிப் பிடிக்கச் சொல்வார். முறுக்கிய நூல் சரக்கென்று ஓடும். கண்ணில் நீர் முட்டும், தும்மல் வரும். "அவ்ளோதான் மேடம், முடிஞ்சிடுச்சு" என்று சொன்ன பிறகும் நாலைந்து இழுப்பு பாக்கி இருக்கும். அப்புறம் மோவாய். அப்புறம், "இவ்ளோ தூரம் வந்துட்டோம்" என்று கன்னம்.

நூல் முடியை வேரோடு பிடுங்குகிறது. முடி வந்த இடமெல்லாம் சிவந்து தடிக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். வேரோடு வராமல் பாதியில் அறுந்த முடிதான் உண்மையான விருந்தாளி. மறுபடி வளரும்போது வெளியே வர வழி தெரியாமல் தோலுக்குள்ளேயே சுருண்டுகொள்ளும். மேலே பரு மாதிரி ஒரு கொப்புளம் நிற்கும். ஒருவர் முகத்தில் ஓடிய நூல் அடுத்தவர் முகத்திலும் ஓடினால் கிருமி மட்டுமல்ல, மருவும் பரவலாம். நூல் போட்ட இடத்திலேயே மரு முளைத்துக்கொண்டு வந்தவர்களைப் பற்றித் தோல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனவே, "கை கழுவினீங்களா, புது நூலா?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மாற்றிவிடுவார்கள்.

படி 3: சிவந்த இடத்தில் எலுமிச்சை தேய்க்கவும்

முடி பிடுங்கிய தோலை அப்படியே விட்டால் விடிவதற்குள் சரியாகிவிடும். அதற்கு இடம் கொடுக்காமல், "இயற்கையான ப்ளீச்" என்று புகழ்பெற்ற எலுமிச்சம்பழத்தை நறுக்கி அரை மூடியால் அழுத்தித் தேய்க்கவும். எரியும். எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். வீட்டு வைத்தியத்தில் இதை மறுத்துப் பேசியவர் இல்லை.

நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. அதன் பி.எச். அளவு 5ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாற்றுக்கு 2 சொச்சம். இந்தக் கணக்கில் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறும் என்பதால், நீங்கள் தேய்ப்பது தோலின் இயல்பைவிட நூறு மடங்குக்கும் மேல் காட்டமான சரக்கு.

முழுப் பலன் கிடைக்க, சாறு காய்வதற்குள் மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போகவும். எலுமிச்சை இனப் பழங்களில் ஃப்யூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. தோலில் பட்ட பிறகு வெயிலின் புற ஊதாக் கதிரும் சேர்ந்தால் அது தோலைப் பொசுக்கும். கொப்புளம் ஆறினாலும் பழுப்புத் தழும்பு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். அதுவும் சாறு வழிந்த கோட்டிலேயே நிற்கும். முடி இருந்தபோது பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரிந்தது. இனி பஸ் ஸ்டாப்பிலிருந்தே தெரியும்.

படி 4: எரிச்சல் அடங்க ஆப்ப சோடா பூசவும்

பள்ளிக்கூடத்தில் படித்த வேதியியல் கைகொடுக்கும் இடம் இது. அமிலத்தை முறிக்கக் காரம். ஆப்ப சோடாவின் பி.எச். 8ஐத் தாண்டும். புளிப்புப் பக்கம் தள்ளப்பட்ட தோலை இப்போது எதிர்ப்பக்கம் இழுக்கிறோம். தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்து வைப்பதற்கும் கிருமியைத் தடுப்பதற்கும் அந்த லேசான அமிலம்தான் உதவுகிறது. அது போய்விட்டால் முகம் இழுத்துப் பிடித்த மாதிரி ஆகும், செதில் உதிரும். "அழுக்கு உரிஞ்சு வருது" என்று வீட்டில் பாராட்டுவார்கள்.

படி 5: மாவு போட்டு எதிர்த்திசையில் தேய்க்கவும்

கடலை மாவு, மஞ்சள், தயிர் மூன்றையும் குழைத்துப் பூசி, பாதி காய்ந்ததும் முடி வளரும் திசைக்கு எதிராகத் தேய்த்து உதிர்க்க வேண்டும். முடி வரும். மாவோடு ஒட்டியதால், இழுபட்டு, வலித்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும். கூடவே தோலின் மேலடுக்கும் வரும். "கஸ்தூரி மஞ்சள்" என்று பொட்டலத்தில் விற்பதெல்லாம் கஸ்தூரி மஞ்சள் அல்ல. சமையல் மஞ்சளாக இருந்தால் மறுநாள் ஆபீஸில் மஞ்சள் காமாலையா என்று விசாரிப்பார்கள். சிலருக்கு மஞ்சளே ஒவ்வாமல் அரிப்பும் தடிப்பும் வரும். தொட்டதற்கெல்லாம் மஞ்சள் என்று வளர்ந்த வீட்டில் இதை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது கூடுதல் வசதி.

இந்த வைத்தியத்தின் புகழுக்குக் காரணம் குழந்தைகள். பிறந்த குழந்தையின் தோளிலும் நெற்றியிலும் இருக்கும் மெல்லிய ரோமம், யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் உதிர்ந்துவிடும். அந்த மாதங்களில்தான் பாட்டி பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டுகிறார். ரோமம் போகிறது, மாவுக்குப் பேர் கிடைக்கிறது. முப்பது வயதில் மோவாயில் வரும் முடி இந்தக் கதையைக் கேட்டதில்லை.

படி 6: இரவு முழுக்கக் குப்பைமேனி

இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசிவிட்டுத் தூங்கவும். ஏற்கனவே உரசி, அமிலமும் காரமும் பார்த்த தோலில் பச்சிலைச் சாறு எட்டு மணி நேரம் ஊறினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நிலையான பதில் ஒன்று இருக்கிறது: "இலைதானே, என்ன பண்ணிடும்?"

எருக்கம்பாலும் செடியிலிருந்து வருவதுதான்; கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கிராமத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சேங்கொட்டையும் இயற்கைதான். சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போட அதன் சாற்றைப் பயன்படுத்திய காலத்தில், அந்தக் குறி உரசிய கழுத்திலும் இடுப்பிலும் கொப்புளம் கண்டவர்கள் ஏராளம். செடிக்கு நம் முகத்தின் மேல் அக்கறை எதுவும் கிடையாது. தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் ஆட்டையும் விரட்டத்தான் அது சாறு சுரக்கிறது.

படி 7: கொப்புளத்துக்கு டூத்பேஸ்ட், மேலே படிகாரம்

காலையில் எழுந்ததும் கன்னத்தில் கொப்புளம் தெரியும். குளிர்ச்சியாக இருக்கும் என்று அதன் மேல் டூத்பேஸ்ட் வைக்கவும். பல்லின் மேல் உள்ள கறையைத் தேய்த்து எடுக்கச் செய்த பொருள் அது. நுரைக்காகச் சேர்த்ததும் குளிர்ச்சிக்காகச் சேர்த்ததும் புண்ணான தோலுக்கு ஆகாதவை. பிறகு படிகாரத்தை நனைத்து ஒரு சுற்று. சலூனில் ஷேவிங் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதேதான். சின்ன வெட்டில் கசியும் ரத்தத்தை அது நிறுத்தும். முகம் முழுக்க உரிந்த தோலில் தேய்த்தால் நிற்பது உங்கள் பேச்சு மட்டுமே.

படி 8: மெடிக்கல் ஷாப்

இதுவரை எல்லாம் இயற்கை. இப்போது தெருமுனைக்குப் போய், "அண்ணா, மூஞ்சி எரியுது, ஏதாவது குடுங்க" என்று கேட்கவும். சீட்டு இருக்கிறதா என்று கேட்காமலே அவர் கையை நீட்டி ஒரு ட்யூபை எடுப்பார். "நைட்ல லேசாப் போடுங்கம்மா, நாலு நாள்ல பளிச்சுனு ஆயிடும்."

ஆகும். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பும் அரிப்பும் மாயமாகிவிடும். நிறம்கூட வெளுத்த மாதிரி தெரியும். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பி வரும், எனவே நிறுத்த மாட்டீர்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் சிவப்பு நூலாக வெளியே தெரியும், பரு கிளம்பும். இந்தியாவில் இப்படி முகத்தைக் கெடுத்துக்கொண்டு வருபவர்கள் பெருகியதால், ஸ்டீராய்டால் சேதமான முகம் என்றே தோல் மருத்துவர்கள் ஒரு தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு, இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

இந்தக் களிம்பின் தலைசிறந்த குணம் ஒன்று பாக்கி இருக்கிறது. முகத்தில் தொடர்ந்து பூசினால் அங்கே முடி வளரும். ஆமாம், முடி. இப்போது படி 1க்குத் திரும்பவும். அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கேள்வி – பதில்

ஷேவ் செய்தால் மீசை தடிமனாக வளரும் என்கிறார்களே?

வளராது. அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர் ஆண்களை ஒழுங்காக ஷேவ் செய்யவைத்துப் பரிசோதித்து, முடியின் தடிமனோ வேகமோ கூடவில்லை என்று 1928இலேயே எழுதிவிட்டார். இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூராக இருக்கும். வெட்டிய முடியின் முனை மொட்டையாக இருப்பதால் விரலுக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவுதான். செலவும் வலியும் குறைந்த வழி என்பதாலோ என்னவோ, நம் குடும்பங்களில் இதற்கு அனுமதி இல்லை.

புதினா டீ குடித்தால் முடி கொட்டிவிடுமாமே?

இதற்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஸ்பியர்மிண்ட் என்ற புதினா வகையில் தினம் இரண்டு வேளை டீ குடித்த பெண்களுக்கு ஆண் ஹார்மோன் அளவு ஓரளவு குறைந்ததை 2007இல் துருக்கியிலும் 2010இல் பிரிட்டனிலும் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. 2010 ஆய்வில் ஒரு மாதம் குடித்தவர்கள் தங்களுக்கு முடி குறைந்ததாக உணர்ந்தார்கள். மதிப்பெண் போட்டுப் பார்த்ததில் பெரிய மாற்றம் இல்லை. டீ நன்றாக இருக்கும். குடியுங்கள்.

நிரந்தரமாகப் போக வழியே இல்லையா?

லேசர், முடியின் கருப்பு நிறமியைப் பிடித்து வேரைச் சுடுகிறது. நரைத்த முடிக்கு அது பலிக்காது. நம் மாநிறத்துக்கும் கருப்புக்கும் ஏற்ற கருவியும் பழகிய கையும் இல்லாவிட்டால், தோலின் நிறமியையும் சேர்த்துச் சுட்டுவிடும். பல தடவை போக வேண்டும். ஹார்மோன் கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் லேசர் மட்டும் வைத்தால் முடி திரும்ப வரும். நரைமுடிக்கு எலக்ட்ராலிசிஸ் இருக்கிறது. கண்ணுக்குள் குத்தும் இமை முடியை எடுக்க அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் 1875இல் எழுதி வைத்த முறை அது. ஊசி முனையால் ஒவ்வொரு வேராக மின்சாரம் பாய்ச்சுவார்கள். பொறுமை வேண்டும். "ஏழே நாளில்" என்று இவர்கள் யாரும் சொல்வதில்லை என்பதால் வீட்டில் நம்பிக்கை வராது.

எரிச்சல் போயே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு

மேலே சொன்ன எதையும் செய்யாமலிருப்பதுதான் முதல் வைத்தியம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான் பாதி முகங்களின் கதை.

முடி எடுத்த இடம் சிவந்திருந்தால், சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிடம் ஒற்றி எடுக்கவும். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். சோற்றுக் கற்றாழை பிடிக்குமென்றால், மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சோற்றை மட்டும் எடுக்கவும். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டு போகலாம். வறண்டு செதில் உதிர்ந்தால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். பரு வரும் முகம் என்றால் எண்ணெய் வேண்டாம், வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்ச்சரைசர் நல்லது. உள்ளே சுருண்ட முடிக்கு வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் கொடுத்து அது தானாக மேலே வர விடவும். ஊசியால் நோண்டினால் முடி போகும், குழி நிற்கும். இரண்டு நாளைக்கு ஸ்க்ரப்பும் வாசனை சோப்பும் கிட்டே வரக் கூடாது, வெயிலில் குடை பிடிக்க வேண்டும். அடுத்த முறை நூல் போடுவதானால் விசேஷத்துக்கு இரண்டு, மூன்று நாள் முன்பே போங்கள். இதில் பத்திரிகையில் போடும்படி அதிசயம் எதுவும் இல்லை என்பது தெரியும்.

சீழ் பிடித்தாலோ, கொப்புளம் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டில் ஒரு மணி நேரம்கூட வைத்தியம் பார்க்க வேண்டாம்.

முடி எதனால் வருகிறது என்பதை எந்தக் குறிப்பும் கேட்பதில்லை. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, எடை ஏறுகிறது, உச்சந்தலையில் முடி மெலிகிறது, கழுத்து மடிப்பு கருக்கிறது, கூடவே மோவாயில் முடி என்றால் அது பெரும்பாலும் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தமக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கவனிக்காமல் விட்டால் பின்னாளில் சர்க்கரை நோய்க்கு வழி விடும். சில மாதங்களுக்குள் மளமளவென்று முடி அடர்ந்து குரலும் கட்டைக் குரலாக மாறினால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவும் மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவும் இருக்கின்றன. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும். எலுமிச்சம்பழம் வாங்கும் காசுகூட ஆகாது.